அண்ணியின் செக்ரட்டரி

செக்ரட்டரி வரப்போகிறாள் என்று நம்பி, கல்யாணமாகி நான்கே மாதமாகியிருந்த நான் ஒரு ஆளுக்குக் கூடுதலாகச் சமைத்து வைத்தேன். பக்கத்து அறையைப் பெருக்கித் துடைத்து, கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டு, தலையணை உறையை மாற்றி, குடிக்கத் தண்ணீர்கூட வைத்தேன். எல்லாம் என் நாத்தனார், அதாவது நான் அண்ணி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரரின் அக்கா, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் சமையலறைக் கதவில் குத்திவிட்டுப் போன ஒரு சீட்டால் வந்தது. "நாளை மாலை செக்ரட்டரி வருகை. பக்கத்து அறையைத் தயார் செய்யவும்" என்று எழுதியிருந்தார். இதைப் படித்தால் யாருக்கு என்ன தோன்றும், நீங்களே சொல்லுங்கள்.

எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். வயிறு பற்றி எரிந்தது. தபால் ஆபீசில் சாதாரண வேலை பார்க்கும் இந்த அம்மாவுக்கு எதற்கு செக்ரட்டரி? அப்படியே வந்தாலும் ஆபீசில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே, வீட்டில் எதற்குக் கட்டிலும் மெத்தையும்? அவளுக்கு வயசென்ன? என் வீட்டுக்காரர் வாயே திறக்காத மனிதர். ஆனால் கண் திறந்துதானே இருக்கிறது!

மறுநாள் சாயங்காலம் நான்கு பேர் மூச்சு வாங்க எதையோ தூக்கிக்கொண்டு வந்து கூடத்தில் இறக்கினார்கள். ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. கீழே மூன்று பெரிய இழுப்பறை, மேலே கண்ணாடிக் கதவு போட்ட புத்தக அலமாரி, நடுவில் சரிவாக ஒரு பலகை. அந்தப் பலகையை முன்பக்கம் சாய்த்தால் அதுவே எழுதும் மேஜை ஆகிவிடும். அதைத் தாங்க இரண்டு பக்கமும் கட்டைகள் வெளியே நீளும். உள்ளே காகிதம் வைக்கச் சின்னச் சின்னப் பொந்துகள், பதினொன்று.

"செக்ரட்டரி எங்க?" என்று கேட்டேன்.

தூக்கி வந்தவர்களில் மூத்தவர் அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, "இதோ நிக்குதேம்மா, கண்ணு தெரியலையா? இடுப்பு ஒடிஞ்சு போச்சு" என்றார். அந்த மாதிரி மேஜைக்கே செக்ரட்டரி என்றுதான் பெயராம். எனக்கு யார் சொன்னார்கள்? பின்னாலேயே வந்த அண்ணி, நான் விரித்து வைத்திருந்த படுக்கையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. எனக்கு அசடு வழிந்தது. கூடுதலாகச் சமைத்ததை அந்த நான்கு பேரும் பங்குபோட்டுச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அண்ணி போய் ஆறு வருஷம் ஆகிறது. அந்தக் கதையை அவர் யார் வீட்டுக்கு வந்தாலும் சொல்லுவார், ஒவ்வொரு தடவையும் ஒரு பொருளைச் சேர்ப்பார். கடைசியாகக் கேட்டபோது நான் செக்ரட்டரிக்குப் பல் துலக்கும் பிரஷ்கூட வாங்கி வைத்திருந்தேனாம். பொய். ஆனால் இப்போது யாராவது அதை மறுபடியும் சொன்னால் தேவலை என்றிருக்கிறது.

அண்ணியின் வேலை தபால் ஆபீசின் மாடியில், நீளமான ஒரு அறையில். முகவரி படிக்க முடியாத கடிதங்களைப் படித்து, சேர வேண்டிய இடத்துக்கு அனுப்பும் வேலை. மழையில் மை கரைந்தது, குழந்தை கிறுக்கியது, கை நடுங்குபவர் எழுதியது, கோபத்தில் எழுதியது எல்லாம் அவரிடம்தான் வரும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒருதடவை ஒரு உறையின் மேல் "தண்ணித் தொட்டிப் பக்கம், சிடுமூஞ்சி டாக்டர் வீட்டுக்கு எதிர்வீடு" என்பதைத் தவிர ஒன்றுமே இல்லை. மூன்று நாளில் சேர்த்துவிட்டார். "தொட்டிப் பக்கம் டாக்டருங்க அஞ்சு பேர், அஞ்சு பேருமே சிடுமூஞ்சி. அதான் லேட்டு" என்றார்.

அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம், "வந்த விண்ணப்பம் ஒண்ணும் சரியா நிரப்பியிருக்கல" என்பார். அதற்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டதால் தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியது அவர்தான். அந்தத் தம்பிதான் என் வீட்டுக்காரர். தனக்கென்று அண்ணி ஆசைப்பட்டு வாங்கிய ஒரே சாமான் இந்த செக்ரட்டரி. ஊரைவிட்டுப் போன யாரோ ஒருவர் வீட்டில் பார்த்தாராம். ஆபீசில் சுவர் முழுக்கக் கடிதம் பிரித்துப் போடும் பொந்து பார்த்துப் பழகிய கண், வீட்டிலும் நாலு பொந்து கேட்டிருக்கிறது.

வந்த ஒரு மாதத்தில் அது வீட்டில் இன்னொரு ஆளாகிவிட்டது. "செக்ரட்டரியைக் கேட்டுச் சொல்றேன்" என்பார் அண்ணி. எனக்கு மகனும் மகளும் பிறந்த பிறகு, தடுப்பூசி எப்போது போட்டது, வீட்டுப் பத்திரம் எங்கே, சின்னவள் பிறந்தபோது எடை எவ்வளவு, எதைக் கேட்டாலும் பலகையைச் சாய்த்து, கையை விட்டு, எடுத்துக் கொடுத்துவிடுவார். நானும் என் வீட்டுக்காரரும் அதில் எதையும் தேடியதே இல்லை. தேட வேண்டிய அவசியமும் வரவில்லை. அண்ணியைக் கேட்டால் போதும்.

பிள்ளைகள் சண்டை போட்டால் அவரிடம் மனுவாக எழுதிக் கொடுக்க வேண்டும். வாய்ப் புகாரெல்லாம் செல்லாது. "என் பென்சில் பெட்டியை அண்ணன் வேண்டுமென்றே மிதித்தான். தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று ஏழு வயதில் என் மகள் எழுதியது எனக்கு இன்னும் மனப்பாடம். அண்ணி அதைப் பொந்தில் வைத்து, இரண்டு நாள் கழித்து எழுத்திலேயே பதில் கொடுப்பார். அதற்குள் சண்டை போட்டதே இரண்டுக்கும் மறந்திருக்கும்.

சொன்னால் வெட்கம், நானும் மனு கொடுத்திருக்கிறேன். நான் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பேன். ஒரு நாள் நான் வெளியே போயிருந்தபோது, வெளிச்சம் செக்ரட்டரிக்கு வேண்டும் என்று என் தையல் மிஷினை ஜன்னலிலிருந்து நகர்த்தி இருட்டு மூலையில் போட்டுவிட்டார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குநுனியில்தான் இருக்கும். பதினோரு நாள் இரண்டு பேரும் பேசவில்லை. பன்னிரண்டாம் நாள் பொறுக்க முடியாமல் ஒரு தாளில் என் நியாயத்தையெல்லாம் கொட்டிப் பொந்தில் செருகினேன். மறுநாள் பதில் இருந்தது. "மனுதாரர் சொல்வது முற்றிலும் சரி. தவறு என்னுடையது. மிஷின் இன்றே ஜன்னலுக்குத் திரும்பும்." வாயால் அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததே இல்லை. அந்தத் தாளை எத்தனை தடவை எடுத்துப் படித்தேன் என்று கேட்காதீர்கள்.

வருஷங்கள் ஓடின. அண்ணி ஓய்வு பெற்றார். பிள்ளைகளுக்குக் கல்யாணமாகி, மகள் வெளியூருக்கும் மகன் நாலு தெரு தள்ளியும் போய்ச் சேர்ந்தார்கள். அண்ணிக்கு அறுபத்தாறோ அறுபத்தேழோ இருக்கும்போதுதான் எலித் தொல்லை ஆரம்பித்தது.

செக்ரட்டரியைத் தூசி தட்டும்போது பார்த்தேன். பொந்துகளின் விளிம்பில் கடித்த மாதிரி வெட்டுகள். ஒன்றில் ஒரு வெட்டு, அடுத்ததில் இரண்டு, இன்னொன்றில் குறுக்கும் நெடுக்குமாக. காகிதங்களின் மூலையும் கன்னாபின்னாவென்று மடங்கியிருந்தது. "அண்ணி, எலி வந்திருக்கு பாருங்க" என்று கத்தினேன். அவர் தலையைத் திருப்பாமல், "ஆமா, நானும் பாத்தேன். பெரிய எலிதான் போலிருக்கு" என்றார். நான் எலிப்பொறி வாங்கி வந்து வைத்தேன். எலி பொறியில் மட்டும் விழவே இல்லை, ஆனால் மாதத்துக்கு ஒரு வெட்டு கூடிக்கொண்டே போனது. நான் தினமும் அந்த எலியைத் திட்டித் தீர்ப்பேன். அண்ணி கேட்டுக்கொண்டு இருப்பார்.

அதே சமயம் இன்னொன்றும் நடந்தது. காலையில் பேப்பர் வந்ததும் என்னைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொல்ல ஆரம்பித்தார். "உன் உச்சரிப்பு மோசமாப் போச்சு. படி, நான் திருத்தறேன்" என்பார். அடுப்பில் வேலை கிடக்கும், இவர் எனக்கு உச்சரிப்புப் பாடம் எடுப்பார். உள்ளுக்குள் பொருமிக்கொண்டே படிப்பேன். கடிதம் வந்தாலும் கண்ணாடியைக் காணோம் என்று என்னிடமே நீட்டுவார். எனக்கு ஒரு பொறிகூடத் தட்டவில்லை. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளத் தோன்றுகிறது.

அண்ணிக்கு எழுபது வயசு நிறையப்போகும் சமயம். கூட வேலை பார்த்த தோழி ஒருவர் தன் வீட்டில் பத்துப் பன்னிரண்டு நாள் வந்து தங்கச் சொன்னார். மகன் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தான். எனக்குக் கை பரபரத்தது. அவர் திரும்பி வருவதற்குள் செக்ரட்டரியைப் புதுசாக்கி நிறுத்தி, அந்த மனுஷியின் வாயிலிருந்து ஒரு பாராட்டு வாங்கிவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

பாலிஷ்காரரைக் கூப்பிட்டேன். ஒல்லியான மனிதர், பேசுவதற்கு முன்னால் மரத்தைத் தடவிப் பார்ப்பவர். "பழையபடி ஆக்கிக் குடுங்க" என்றேன்.

"எந்தப் பழையபடிம்மா?" என்று கேட்டார். "நேத்து இருந்த பழையபடியா, செஞ்ச அன்னிக்கு இருந்த பழையபடியா?"

நல்ல கேள்வி. அப்போது மட்டும் நான் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால்! "செஞ்ச அன்னிக்கு இருந்த மாதிரி" என்று மகாராணி கணக்காகச் சொன்னேன்.

"அப்படின்னா காயத்தையெல்லாம் ஆத்திடறேன்" என்றார். மரத்தில் விழுந்த வெட்டு, தழும்பு எல்லாம் அவர் பாஷையில் காயம். சொன்னபடியே ஆற்றினார். விளிம்புகளை இழைத்து, குழிகளை அடைத்து, கண்ணாடி மாதிரி வழுவழுவென்று ஆக்கினார். அதோடு விடாமல், உள்ளே முன்பு இரண்டு தடுப்புகள் இருந்து உடைந்துபோன அடையாளத்தைக் கண்டுபிடித்து, அவற்றையும் செய்து மாட்டினார். பதினொரு பொந்து பதின்மூன்று ஆகிவிட்டது. நானும் சும்மா இருக்கவில்லை. காகிதங்களின் மடங்கிய மூலைகளையெல்லாம் நிமிர்த்தி, இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்து, பதின்மூன்று பொந்துக்கும் எனக்குச் சரியென்று பட்டபடி பிரித்து அடுக்கினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அக்கறையாக ஒரு கெடுதலை நான் செய்ததே இல்லை.

அண்ணி திரும்பி வந்தார். பாலிஷ் வாசனை வாசலுக்கே வந்திருக்க வேண்டும், அங்கேயே ஒரு கணம் நின்றார். பிறகு உள்ளே போய்ப் பலகையைச் சாய்த்தார். விரலால் ஒரு விளிம்பைத் தடவினார், அடுத்ததைத் தடவினார், அதற்கடுத்ததையும் தடவினார்.

"எப்படி இருக்கு?" என்றேன், பல்லெல்லாம் தெரிய.

"நல்லா இருக்கு" என்றார். முப்பது நாற்பது வருஷத்தில் என் சமையலுக்குக்கூடக் கிடைக்காத வார்த்தை. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

அடுத்த வாரம் மகன் வந்திருந்தபோது, என் வீட்டுக்காரர் தன் இதயப் பரிசோதனைத் தாளைக் கேட்டார். டாக்டர் கொண்டுவரச் சொல்லியிருந்தார். அண்ணி கையை விட்டார், தேடினார், வெகுநேரம் கழித்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். என் வீட்டுக்காரர் அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். மகன் எட்டிப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். மகளின் பென்சில் பெட்டி மனு.

"அத்தைக்கு வயசாயிடுச்சும்மா" என்றான். "ஞாயித்துக்கிழமை வந்து எல்லாத்தையும் படம் எடுத்து ஃபோன்ல ஏத்திடறேன். அப்புறம் யாரும் எதையும் தேட வேணாம். இந்த மேஜையையும் வித்துடலாம், பாதி ரூமை அடைச்சுக்கிட்டு நிக்குது."

அவன் கெட்டவன் இல்லை. அத்தை மேல் அவனுக்கு உயிர். "சரிப்பா" என்றார் அண்ணி. அதுதான் என்னை உறுத்தியது. எதற்கும் நாலு குறுக்குக் கேள்வி கேட்காமல் அவர் சரி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

புதன்கிழமை மத்தியானம் தைத்துக்கொண்டிருந்தவள் நூல் கண்டு எடுக்க அவர் அறைப் பக்கம் போனேன். பலகை சாய்ந்திருந்தது. அண்ணி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாள் தலைகீழாக இருந்தது. அவர் முகம் நேராக வாசலைப் பார்த்துத்தான் இருந்தது, வாசலில் நான் நின்றேன், இரண்டடி தூரம்கூட இல்லை. "யாரு?" என்றார்.

"நான்தான் அண்ணி" என்றேன்.

"வா, உக்காரு" என்றார். தாளைப் பலகை மேல் வைத்தார். "என் எலியையெல்லாம் கொன்னுட்டியேடி" என்றார்.

முதலில் புரியவில்லை. புரிந்ததும் பக்கத்துக் கட்டிலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். நாலு வருஷமாகக் கண்ணில் அழுத்தமாம். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே வந்திருக்கிறது. தனியாகவே டாக்டரிடம் போயிருக்கிறார், போனது போனதுதான், திரும்பாது என்று அவரும் சொல்லிவிட்டார். பார்வை இருக்கும்போதே பேனாக்கத்தியால் ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு வெட்டு அடையாளம் போட்டு, ஒவ்வொரு காகிதத்துக்கும் ஒரு மடிப்பு வைத்து, விரலுக்குப் பாடம் பண்ணியிருக்கிறார். அதைத்தான் நான் பொறி வைத்துப் பிடிக்கப் பார்த்தேன், பிறகு பாலிஷ் போட்டு அழித்தேன், இஸ்திரி போட்டுத் தேய்த்தேன்.

"ஏன் சொல்லல? நாங்கல்லாம் என்ன செத்தா போயிட்டோம்?" என்று கத்திவிட்டேன். அழுகை வந்தால் எனக்குக் கத்தத்தான் வரும்.

"சித்தியை ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார்.

இருக்கிறது. அண்ணியின் சித்தி கடைசி மூன்று வருஷம் எங்களோடுதான் இருந்தார், கண் தெரியாமல். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, வேளாவேளைக்கு நான்தான் ஊட்டிவிட்டேன். ஒரு குறை வைக்கவில்லை.

"நீ நல்லாத்தான் பாத்துக்கிட்ட" என்றார் அண்ணி. "நானும் பாத்துக்கிட்டேன். ஆனா அந்த மூணு வருஷத்துல ஒரு நாளாவது நாம அவங்களை ஏதாவது கேட்டோமா? அவங்க வீடு கட்டினவங்க, நாலு புள்ளைங்க வளத்தவங்க. சாப்பிட்டீங்களான்னு கேட்டோம், தூங்குனீங்களான்னு கேட்டோம். வேற ஒண்ணு கேட்டோமா? கண்ணு போனா போகட்டும்டி. யாரும் என்னை எதுவும் கேக்காமப் போயிட்டா நான் அந்த நாற்காலில உக்காந்து என்ன பண்ணுவேன்?"

கேட்கவே இல்லை என்பது உண்மை. நல்ல மருமகள் என்று தெருவே சொன்னது, நானும் நம்பியிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் முழுசாக மூன்று நாள் இருந்தது. மறுபடியும் கத்தி எடுத்து வெட்டலாம் என்றார் அண்ணி. எனக்குப் பாலிஷ்காரர் முகம் நினைவுக்கு வந்தது. "வேணாம், என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்று என் பொத்தான் டப்பாவைக் கொண்டுவந்து மடியில் கொட்டினேன். இத்தனை வருஷம் தைத்ததில் மிஞ்சிய பொத்தான்கள்: மரம், உலோகம், துணி சுற்றியது, இரண்டு ஓட்டை, நாலு ஓட்டை, ஓட்டையே இல்லாமல் பின்னால் வளையம் வைத்தது. அண்ணி ஒவ்வொன்றாக எடுத்து விரலில் உருட்டினார். அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

"வீட்டுப் பத்திரத்துக்கு எது போடறது?" என்று கேட்டேன்.

"உலோகம். கனமா இருக்கணும்."

"டாக்டர் சீட்டுக்கு?"

"வழுக்குறது ஏதாவது. அவர் பேச்சு அப்படித்தானே."

"உங்க தம்பி சமாச்சாரம்?"

"ஓட்டையே இல்லாதது, அவன் வாயாட்டம்" என்றார். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. பிள்ளைகளின் மனுவுக்குச் சின்னச் சட்டைப் பொத்தான். பதின்மூன்று பொந்துக்கும் பதின்மூன்று பொத்தான் ஒட்டினேன். காகிதங்களை ஒவ்வொன்றாக நான் படிக்க, அவர் மூலை மடிக்க, சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. இத்தனை வருஷத்தில் நாங்கள் சேர்ந்து செய்த வேலை அது ஒன்றுதான். இன்னும் கொஞ்சம் காகிதம் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகன் ஃபோனோடு வந்தான், என் வீட்டுக்காரரும் கூடவே அறைக்குள் வந்தார். பலகையைச் சாய்த்ததும், "என்னம்மா இது, பொத்தான் கடையா?" என்றான்.

"அழகுக்குடா" என்றேன்.

"சரி அத்தை, அப்பாவோட பரிசோதனைத் தாள் குடுங்க பாப்போம்" என்றான் விளையாட்டாக. அண்ணியின் விரல் விளிம்பில் ஓடியது, நின்றது, உள்ளே போனது. தாள் வந்தது. கேட்ட தாளேதான். "அட, அத்தை கண்ணு இன்னும் கழுகுக் கண்ணுதான்!" என்று தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்தான். "அதுல கீழ டாக்டர் என்னமோ கிறுக்கியிருக்கார், உங்களுக்குத்தான் புரியும். என்ன எழுதியிருக்கு?"

யார் கிறுக்கியதையும் படித்தவர். தாளை வாங்கிக் கையில் வைத்தபடி இருந்தார். "குடுங்கண்ணி, நான் படிக்கறேன், அண்ணி கண்ணாடியை எங்கயோ... காலையில இருந்து தேடறோம்... இல்ல, உடைஞ்சு..." என்று உளறிக்கொட்டினேன்.

"விடு" என்றார் அண்ணி. "உனக்குப் பொய் வரல. எனக்காகப் பழக வேணாம்." பிறகு எங்கள் மூன்று பேரையும் பார்த்து, பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பி, "எனக்குக் கண்ணு தெரியல. நாலு வருஷமாச்சு. இப்ப வெளிச்சம் மட்டும் கொஞ்சம் தெரியுது" என்றார்.

மகன் முகம் வெளுத்துவிட்டது. சட்டென்று குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ அத்தை, எங்ககிட்ட சொல்லக் கூடாதா? இனிமே நீங்க எதுவும் செய்ய வேணாம். நிம்மதியா உக்காருங்க, எல்லாம் நாங்க பாத்துக்கறோம்" என்றான். பாசத்தோடுதான் சொன்னான். சொல்லிக்கொண்டே பொந்திலிருந்த காகிதங்களை இன்னொரு கையால் அள்ளினான். அண்ணி தடுக்கவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"கையை எடுடா!" என்று நான் போட்ட சத்தத்தில் அவன் அள்ளியதை அப்படியே பொந்தில் விட்டான்.

என் வீட்டுக்காரர் அதுவரை சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். அக்காவைப் பற்றி அவர் ஒரு நாளும் நாலு வார்த்தை பேசியதில்லை. மெதுவாக முன்னால் வந்து, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா, நாளைக்குக் குழாய்க்காரர் வர்றார்" என்றார். "வீட்டுக்கு அடியில குழாய் எப்படிப் போகுதுன்னு ஒரு படம் இருந்துச்சே. அது எங்க இருக்கு?"

அண்ணி நிமிர்ந்தார். அந்த முகத்தை எப்படிச் சொல்வது, எனக்குத் தெரியவில்லை. "எந்தப் படம்?" என்றார். "நல்ல தண்ணியா, கழிவா?"

"கழிவு."

"முன்னாடி போட்டதா, சமையல் ரூமை இடிச்சுக் கட்டினப்ப மாத்தினதா?"

"மாத்தினது" என்றார் தம்பி. குரல் உடைந்திருந்தது.

அண்ணி கையை நீட்டினார். வலது பக்கத்திலிருந்து நாலாவது பொந்து, துணி சுற்றிய பொத்தான். இரண்டு தாளைத் தள்ளி, மூன்றாவதின் மூலையைத் தடவி, உருவி எடுத்தார். தம்பி பக்கம் நீட்டினார்.

"நீ படி. எங்க இருக்குன்னு நான் சொல்றேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அந்த வீடு அப்படித்தான் நடந்தது. மகன் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு போனவன், வாரத்தில் இரண்டு நாள் அத்தையைக் கூப்பிட்டு ஏதாவது தேதி கேட்பான். மகள் வெளியூரிலிருந்து தன் பிள்ளைக்கு எப்போது பல் முளைத்தது என்று கேட்பாள். பெற்றவளுக்குத் தெரியாதா! என் வீட்டுக்காரர்கூட வாயைத் திறந்து கேட்கப் பழகிவிட்டார். நான்தான் அதிகம் கேட்டேன், விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்பேன். அதில் பாதிக்குப் பதில் எனக்கே தெரியும். எனக்குத் தெரியும் என்பது அண்ணிக்கும் தெரியும். ஒரு தடவைகூட அவர் பதில் சொல்லாமல் இருந்ததில்லை.